பக்கத்து மேசையில் இராசமலர் மிஸ்

செய்தி ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. கொட்டாஞ்சேனையில் என் வீட்டில் வேலைக்குப் போக சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பேசியவர், வெள்ளவத்தையில் இராசமலர் மிஸ் வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்கார அம்மா.

“மிஸ்டர் முருகேசு தானே? மிஸ் தந்த நம்பர் இது ஒண்டுதான் என்னட்டைக் கிடக்கு. அவ கதவு திறக்கேல்லை தம்பி. ரெண்டு நாள் பேப்பரும் வாசலிலை அப்பிடியே கிடக்கு. ஒருக்கா வாறீங்களோ?”

பேருந்தில் போனேன். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறக்கி ஏற்றினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கதவை உடைத்திருந்தார்கள். மிஸ் கதிரையில் உட்கார்ந்தபடி, பக்கவாட்டில் சாய்ந்திருந்தார். மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். பொலிஸ்காரர் ஒருவர் கையில் படிவத்தோடு வாசலில் நின்றார். ஒழுங்கையில் இருந்த அயல்வீட்டுக்காரர் எல்லாரும் தத்தமது படலைக்கு உள்ளேயே நின்றார்கள்.

“இவரைத் தெரிந்தவர் யார்?” என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

“உறவா?”

“இல்லை. பதினாறு வருஷம் ஒரே அறையில் வேலை செய்தோம்.”

அவர் காட்டிய இடத்தில் என் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மிஸ்ஸை அறிந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஹற்றன் பக்கத்திலும் விஞ்ஞானம் படிப்பித்த, இன்னும் படிப்பிக்கிற ஆசிரியர்கள் நீங்கள். பாதையும் காலமும் உங்களை வரவிடவில்லை. கனத்தை மயானத்தில் அன்று ஒன்பது பேர்தான் இருந்தோம். கனடாவில் இருக்கும் தம்பியார் தொலைபேசியில் அழுதார். அவருக்கு இந்த நாட்டுக்குத் திரும்பி வரக்கூடிய நிலை இல்லை. பாமன்கடையில் இருந்த தூரத்து மருமகன் ஒருவர் கொள்ளி வைத்தார். வேலை நாளானதால் அவர் அரை நாள் லீவில் வந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் கலைந்துபோனோம்.

எங்கள் வேலை என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞான, தொழில்நுட்பக் கல்வியை வளர்க்க அரசாங்கத் திட்டம் ஒன்று இருந்தது. கைநூல் அச்சிடுவது, பரிசோதனைப் பெட்டிகள் அனுப்புவது, கண்காட்சி நடத்துவது, இவற்றுக்கெல்லாம் பணம் திரட்டுவது அதன் வேலைகள். அதன் தமிழ்ப் பிரிவு என்பது நீண்ட நடையின் கடைசியில், பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய அறை. உள்ளே இரண்டு மேசைகள். ஒன்றில் மிஸ், மற்றதில் படம் வரைபவனாக நான். அவ்வளவுதான் பிரிவு. சுற்றறிக்கைகள் சிங்களத்தில் வரும். கூட்டங்கள் சிங்களத்தில் நடக்கும். வருஷக் கடைசியில் எங்களுக்கு என்று ஒதுக்க ஏதும் மிஞ்சியிருக்காது.

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு படம் வரைந்து கொடுத்தேன். நீர் கொதிக்கும் பரிசோதனை. கண்ணாடி முகவை, முக்காலி, பன்சன் சுடரடுப்பு எல்லாம் நேர்த்தியாகக் கீறியிருந்தேன். மிஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“வடிவாக் கீறியிருக்கிறீங்கள் முருகேசு. நீங்கள் படிச்ச பள்ளிக்கூடத்திலை இந்தச் சுடரடுப்பு இருந்ததோ?”

நான் ஜிந்துப்பிட்டியில் பிறந்து, அங்கேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். “இல்லைங்க மிஸ்” என்றேன்.

“தோட்டத்துப் பள்ளிக்கூடங்களிலை?”

“எங்க இருக்கப்போகுது.”

“அப்ப ஆருக்குக் கீறினீங்கள்? பள்ளிக்கூடத்திலை இல்லாத சாமானைப் புத்தகத்திலை கீறினால் அது விஞ்ஞானமில்லை, விளம்பரம்.”

மறுநாள் காலியான ரின்பால் தகரப் பேணியும் மூன்று கல்லும் ஒரு குப்பிவிளக்கும் வரைந்து கொடுத்தேன். அதைத்தான் அச்சிட்டோம். மிஸ் சிரித்தார். அவருடைய சிரிப்பு இருமல் போலக் கேட்கும். அறைக்கு வெளியே நிற்பவர்கள் அவருக்குத் தடிமன் என்று நினைப்பார்கள்.

குழந்தைகளிடம் அன்பு பொழிந்தவர் என்று இரங்கல் உரைகளில் சொல்கிறார்கள். அப்படி இல்லை. பிள்ளைகளோடு எப்படிக் கதைப்பது என்றே அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போனால் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நிற்பார். பிள்ளை ஒன்று கிட்ட வந்தால் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கிவிடுவார். ஆனால் அந்தப் பெட்டி கொண்டுபோகும் வழியில் ஒரு மின்குமிழ் உடைந்துவிட்டால், அன்றைக்கு முழுவதும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பெட்டிகளுக்குப் பணம் வேண்டும். மிஸ் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு நடையாய் நடந்தார். பெரும்பாலும் நானும் கூடப் போவேன். ஒருமுறை பம்பாய் வெங்காயம் மொத்தமாக விற்கும் முதலாளி ஒருவரிடம் போனோம். நுணுக்குக்காட்டிகள் வாங்க உதவி கேட்டோம்.

முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். “கோயில் கும்பாபிஷேகம்னா சொல்லுங்கம்மா, இப்பவே எழுதித் தாரேன். இது என்னான்னே எனக்கு வெளங்கலையே.”

மிஸ் துணிப்பையிலிருந்து எங்களிடம் இருந்த ஒரேயொரு நுணுக்குக்காட்டியை எடுத்தார். கடைக்குள் வெளிச்சம் போதவில்லை. தெருவோரம் இரண்டு லொறிகளுக்கு நடுவே வெயில் விழுந்த இடத்தில், ஒரு வெங்காய மூட்டைமேல் பலகை வைத்து அதை நிறுத்தினார். முதலாளியின் சரக்கிலிருந்தே ஒரு வெங்காயம் எடுத்து, உரித்து, உட்பக்கத்துத் தோலில் ஒரு துண்டைக் கண்ணாடியில் விரித்து, அயடீன் ஒரு சொட்டு விட்டார்.

“இதுக்குள்ளை பாருங்கோ முதலாளி.”

அவர் ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். மூடவேண்டிய கண்ணை மாற்றி மூடி, மறுபடி குனிந்தார். பிறகு வெகுநேரம் நிமிரவில்லை.

“செங்கல் அடுக்கின மாதிரி இருக்கே” என்றார். நிமிர்ந்து, கடை நிறைய இருந்த மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். “முப்பது வருஷமா இதத்தானேம்மா விக்கிறேன்.”

மூட்டை தூக்கும் நாட்டாமிமார் ஒருவர்பின் ஒருவராக வரிசையில் வந்து பார்த்தார்கள். லொறிக்குப் பின்னால் நின்ற வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தன. முதலாளி நாங்கள் கேட்டதற்கு மேலேயே தந்தார். நுணுக்குக்காட்டிகளில் அவர் பெயரைப் பொறிக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு, “வெங்காயம்னு போடுங்க தம்பி” என்றார். திரும்பி வரும்போது மிஸ் வழியெல்லாம் இருமல் சிரிப்புச் சிரித்தார். “கேக்கிறதுக்கு வெக்கப்படக் கூடாது முருகேசு. ஆனால் கையை நீட்ட முந்தி எதையாவது காட்டவேணும்” என்றார்.

வடக்கே போகும் பெட்டிகள் வேறு பாடு. யுத்தத்தால் மின்கலம் அனுப்பத் தடை. செப்புக்கம்பிக்கு அனுமதி வேண்டும். சில வேதிப்பொருட்களைப் பட்டியலில் எழுதவே முடியாது. மிஸ் ஒவ்வொரு பொருளுக்கும் கடிதம் எழுதி, அமைச்சுக்கும் பாதுகாப்புக் கந்தோருக்கும் அலைந்து, கடைசியில் மின்கலம் இல்லாத மின்சாரப் பெட்டிகளை அனுப்பினார். அதை ஒரு தோல்வியாகவே நினைத்து, ஒரு வாரம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. நாலு மாதம் கழித்து வன்னியிலிருந்து ஓர் ஆசிரியரின் கடிதம் வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் எல்லாப் பரிசோதனையும் செய்துமுடித்துவிட்டோம் என்று எழுதியிருந்தார். மிஸ் அதை மூன்று முறை வாசித்தார்.

“பாத்தீங்களோ! நாங்கள் அனுப்பினது அரைவாசிதான். மற்ற அரைவாசியை அவங்கள் கண்டுபிடிச்சிட்டாங்கள். கீறுங்கோ, உந்தச் சைக்கிளை உடனை கீறுங்கோ.”

அந்தப் படம் அடுத்த பதிப்பில் எல்லா மாவட்டங்களுக்கும் போனது. சிங்களக் கைநூலிலும் அதைச் சேர்க்கும்படி திட்டப் பணிப்பாளர் சொன்னார். அந்த ஆசிரியர் இதை வாசிப்பாராக இருந்தால், உங்கள் கடிதம் எங்கள் அறைச் சுவரில் வெகுகாலம் ஒட்டியிருந்தது என்று அவருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதி உண்மையாகிவிடும்.

நான் சேர்ந்து ஏழாவது வருஷம். நகரத்தில் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தமிழ் மாணவர்களின் விஞ்ஞானக் கண்காட்சி நடத்த ஏற்பாடு செய்திருந்தோம். மாதிரிக்குக் காட்ட ஒரு மின்மணிப் பெட்டியை மிஸ்ஸும் நானும் அன்று காலை சேர்ந்து கட்டினோம். கம்பிச்சுருளைச் சுற்றியவன் நான். இரண்டு மின்கலம், அழுத்தும் ஆளி, ஒரு பழைய மேசைக் கடிகாரத்தின் மணி. மிஸ் அதை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் புறப்பட்டார்.

பதினொரு மணிக்கு எங்கள் அறைத் தொலைபேசி அடித்தது. ஒரு பொலிஸ் நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி சிங்களத்தில் பேசினார். இராசமலர் என்ற பெண் உங்கள் கந்தோரில் வேலை செய்வதாகச் சொல்கிறார், அது சரியா என்று கேட்டார்.

“சரி” என்றேன்.

“அவரிடம் ஒரு பெட்டி இருக்கிறது. கம்பி, பெற்றரி, கடிகாரம். இது உங்கள் கந்தோர்ப் பொருளா?”

என் வீட்டில் அப்போது மனைவியின் தம்பி இருந்தான். ஹற்றனிலிருந்து வேலை தேடி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வெளியூரிலிருந்து வந்து தங்கும் தமிழரைப் பொலிஸில் பதியவேண்டும்; அவனை இன்னும் பதிவு செய்யவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தேன். இந்தப் பெட்டியைச் செய்தது நான்தான் என்று சொன்னால் நேரே அப்போது நாங்கள் இருந்த ஜிந்துப்பிட்டி வீட்டுக்கு வருவார்கள் என்று தோன்றியது.

“எனக்குத் தெரியாது” என்றேன். “பணிப்பாளரிடம்தான் கேட்கவேண்டும். அவர் ஊரில் இல்லை.”

“நீங்கள் யார்?”

“படம் வரைபவன்.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மிஸ்ஸை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். பணிப்பாளர் அநுராதபுரப் பக்கம் பயிற்சி முகாம் ஒன்றில் இருந்தார். உதவிப் பணிப்பாளர், அவர் வரட்டும் என்றார். நானும் அவர் வரட்டும் என்று இருந்தேன். முகாமுக்கு ஒரு தந்தி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அறைக்குள் வந்து, காலியாக இருந்த பக்கத்து மேசையைப் பார்க்காமல் படம் கீறினேன். பணிப்பாளர் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்ட உடனே வாகனத்தில் ஏறிப் போய், மிஸ்ஸை வெளியே கொண்டுவந்தார். அவர் சிங்களவர், சத்தமாகப் பேசாத மனிதர். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எனக்கு ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?”

அடுத்த திங்கட்கிழமை மிஸ் வேலைக்கு வந்தார். இடது கையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். மேசையில் இருந்த தூசியை வலது கையால் துடைத்தார்.

“கண்காட்சிப் படங்கள் முடிஞ்சுதோ, மிஸ்டர் முருகேசு?” என்று கேட்டார்.

ஏழு வருஷம் நான் அவருக்கு முருகேசுதான். அந்த ‘மிஸ்டர்’ விழுந்தபோது அவருக்கு எல்லாம் தெரியும் என்று விளங்கிக்கொண்டேன்.

கந்தோரில் ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் அவர் இருந்த மேசையில் மற்றவர்கள் உட்காரவில்லை. வெள்ளவத்தையில் அப்போது அவர் இருந்த வீட்டுக்காரர் நம்முடைய ஆட்கள்தான். பொலிஸ் வந்து விசாரித்துவிட்டதால் வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் இரண்டு அறை மாறினார். முன்பெல்லாம் என் மனைவி வைக்கும் பாகற்காய்க் குழம்பில் பாதியை உரிமையோடு எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு நான் டப்பாவைத் திறந்து அவர் பக்கம் தள்ளினால், “எனக்குக் கிடக்கு” என்பார். ஒரு துண்டுப் பாணையும் சம்பலையும் யன்னல் பக்கம் திரும்பிச் சாப்பிடுவார்.

ஆனால் கண்காட்சியை அவர் விடவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே மண்டபத்தில் நடத்தினார். ஒவ்வொரு பொருளுக்கும் அனுமதி வாங்கி, முத்திரை குத்திய துண்டை அதன்மேல் ஒட்டினார். காகிதக் காற்றாடியில்கூட ஒரு துண்டு இருந்தது. சோதிக்க இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் மின்மணி வைத்திருந்த ஒரு பிள்ளையின் முன்னால் நின்றார்கள். பதின்மூன்று வயது இருக்கும் அவளுக்கு.

மிஸ் ஓரத்திலிருந்து வந்து அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றார்.

“நீர் தமிழிலை சொல்லும். நான் அவைக்குச் சிங்களத்திலை சொல்லுறன்.”

பிள்ளை பயந்து பயந்து சொன்னாள். மின்னோட்டம் சுருளுக்குள் போனால் இரும்பு காந்தமாகும். காந்தம் சுத்தியலை இழுக்கும். இழுத்தவுடன் சுற்று அறும். சுத்தியல் மணியில் இருந்து விலகும். மறுபடி சுற்று சேரும். மிஸ் ஒரு சொல்லும் விடாமல், அவசரமும் இல்லாமல் சிங்களத்தில் சொன்னார். கடைசியில், “அழுத்திப் பாருங்கள்” என்று அந்தப் பொலிஸ்காரரிடம் சொன்னார். அவர் விரலை வைத்தார். மணி அடித்தது. பின்வரிசையில் இருந்த ஒரு தாய் காதைப் பொத்திக்கொண்டார். பொலிஸ்காரர் இன்னொரு தடவை அழுத்திவிட்டு, பிள்ளையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மிஸ் இடது கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

நான் வாய் திறக்க மேலும் ஆறு மாதமானது. ஹற்றன் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் பெட்டிகள் கொண்டுபோகும் வழியில், மலை ஏறும் இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வானை நிறுத்தினோம். சாரதி இறங்கிப் போயிருந்தார்.

“மிஸ், அன்னிக்குப் போனை எடுத்தது நான்தான்.”

“தெரியும்” என்றார். “போன் எடுத்த பொலிஸ்காரற்றை மேசைக்குப் பக்கத்திலைதான் நிண்டனான். நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது.”

மனைவியின் தம்பியைப் பற்றிச் சொன்னேன். பதிவைப் பற்றிச் சொன்னேன். அவர் வான் யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டார்.

“பயம் எனக்கு விளங்கும். எனக்கும்தான் பயம். ஆனால் கோவமில்லை எண்டு நான் பொய் சொல்லமாட்டன். ‘ஓம், அது எங்கட பெட்டி’ எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அண்டைக்குப் பின்னேரமே விட்டிருப்பாங்களோ, ஆருக்குத் தெரியும்? விட்டிருக்காமலும் இருப்பாங்கள். ஆனால் நீங்கள் சொல்லேல்லை.” கைப்பையைத் திறந்து பெட்டிகளின் பட்டியலை எடுத்தார். “இனி இந்தக் கதையை என்னோடை கதைக்காதேங்கோ, மிஸ்டர் முருகேசு. வேலை கிடக்கு.”

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். எத்தனையோ கைநூல்கள், பெட்டிகள், கண்காட்சிகள். என் படங்களில் பிழை இருந்தால் முன்போலவே கண்டிப்பாகத் திருத்தினார். சரியாக இருந்தால் சரி என்றார். எனக்குப் பதவி உயர்வு வரவேண்டும் என்று பணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அந்தக் கடிதத்தை அவர் ஓய்வுபெற்ற பிறகு கோப்பில்தான் பார்த்தேன். ஆனால் அந்த இருமல் சிரிப்பை என் பக்கத்தில் இருந்து அவர் மறுபடி சிரித்ததில்லை. அவர் ஓய்வுபெற்ற பிறகு பக்கத்து மேசைக்கு யாரையும் நியமிக்கவில்லை. மூன்று வருஷமாக அந்த அறையில் நான் தனியாகத்தான் இருக்கிறேன்.

கடைசியாகப் பார்த்தது இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு. புதிய கைநூலின் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். அறையில் ஒரு கதிரைதான் இருந்தது. அதை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். சீனி போடாத பிளேன் ரீ தந்தார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, மழைமானியில் நான் அளவுக்கோடு பிழையாகப் போட்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார். எழும்பும்போது படிவரை வந்தார். “இருட்ட முந்திப் போங்கோ. ரோட்டிலை செக்கிங் கூடிப்போச்சு” என்றார். அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் பேசும்போது, மிஸ் எவர் மீதும் கோபம் வைத்திருக்காதவர், தனக்குத் தீங்கு செய்தவர்களையும் மன்னித்தவர் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டிவிட்டேன். பேருந்தில் திரும்பி வரும்போது அது தாங்கமுடியாமல் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மிஸ் என்மேல் கோபம் வைத்திருந்தார். அது நியாயமான கோபம். என்னைத் தேற்றுவதற்காக அதை அவர் மறைத்ததில்லை. அதை வைத்து என்னை வதைத்ததும் இல்லை. ஒரு பக்கம் அந்தக் கோபத்தையும் மறுபக்கம் நாட்டின் பிள்ளைகளுக்குப் போகவேண்டிய பெட்டிகளையும் வைத்துக்கொண்டு, ஒன்று மற்றொன்றைத் தொடவிடாமல் ஒன்பது வருஷம் வேலைக்கு வந்தார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கோபம்தான். அதை மன்னிப்பு என்று யாரும் மாற்றிச் சொல்லவேண்டாம். அவர் தந்தபடியே அது என்னோடு இருக்கட்டும்.